மின்சாரம் போய்வரும் வீட்டில் எந்தக் கடிகாரத்தை நம்புவது?

கன்னியாகுமரி மாவட்டத்து அருமனையில் தனியாக இருக்கும் தங்கள் அம்மாவின் வீட்டைப் பற்றிச் சவூதியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு எப்போது பார்த்தாலும் சுழியம் காட்டி மின்னுகிறது. தம்மாமிலிருந்து நீங்கள் கொண்டுவந்து கொடுத்த மேசை அலாரம் கடிகாரம் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் பின்தங்குகிறது; மின்சாரம் போய்வந்தால் அதுவும் மின்னுகிறது. வாசல் விளக்கின் டைமர் சில நாள் ஆறு மணிக்கும் சில நாள் ஒன்பது மணிக்கும் விளக்கைப் போடுகிறது. கேமராப் பதிவில் இன்னொரு நேரம் வருகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் ஏன் இப்படி, ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கினால் தீருமா என்று கேட்கிறீர்கள். அம்மாவின் இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதால், மின்சாரம் எவ்வளவு நேரம் போயிருந்தது என்று அறிய வழி உண்டா என்றும் கேட்கிறீர்கள். தக்கலைப் பக்கம் முப்பது ஆண்டுகளாக இத்தகைய சாதனங்களைப் பழுதுபார்த்து வருகிறவன் என்ற முறையில், இந்தக் கடைசிக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று எனக்குப் படுகிறது. தாங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் அந்தக் கடிகாரங்களே அதற்கு விடை வைத்திருக்கின்றன என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஸ்டெபிலைசரை முதலில் ஒதுக்கிவிடலாம். அது வருகிற மின்சாரத்தின் அழுத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் கருவி. அதற்குள் சேமிப்பு எதுவும் கிடையாது. மின்சாரம் நின்ற கணமே அதுவும் நின்றுவிடும். எனவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஒரு கடிகாரத்தை அது ஓடவைக்காது.

நம் மாவட்டத்தில் மின்சாரம் எப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கடிகாரங்களின் போக்கும் புரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் இத்தனை காற்றாலைகள் சுற்றுகின்றன, மலையில் கோதையாறு நீர்மின் நிலையம் இருக்கிறது, பக்கத்து மாவட்டத்திலேயே கூடங்குளம் இருக்கிறது, அப்படியிருந்தும் நம் வீட்டில் ஏன் கரண்ட் போகிறது என்று பழுதுக்குச் சாதனம் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேராவது என்னிடம் கேட்டுவிடுவார்கள். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் அந்த நிலையங்களில் பிறக்கும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளில் ஏறி நாடு முழுவதற்குமான பொதுக் கட்டமைப்பில் கலந்துவிடுகிறது. 2012-ல் தமிழகம் முழுவதும் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றதே, அது உற்பத்தியே போதாத காலம். இன்று நம் ஊரில் ஏற்படும் நிறுத்தங்களில் பெரும்பாலானவை வேறு வகையைச் சேர்ந்தவை. துணை மின்நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் 11,000 வோல்ட் கம்பி, தென்னந்தோப்புக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் நடுவே, பலாவுக்கும் மாவுக்கும் அடியில் புகுந்து வருகிறது. காற்று வீசும்போது ஒரு தென்னைமட்டை அந்தக் கம்பியில் உரசினால் போதும், துணை மின்நிலையத்தில் இருக்கும் பிரேக்கர் என்ற பெரிய சுவிட்ச் தானாகவே விழுந்து இணைப்பைத் துண்டித்துவிடும். அதை மீண்டும் போட்டுப் பார்ப்பார்கள். நின்றால் சரி, விழுந்தால் லைன்மேன் மழையில் நனைந்தபடி கம்பி வழியே நடந்து பழுதைத் தேட வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்குகிற மாவட்டம் இது. அவற்றுக்கு முன்னும் பின்னும் மாலைநேர இடிமழை வேறு. ஆகவே இங்கே நிறுத்தங்கள் பல, அவற்றில் பெரும்பாலானவை குறுகியவை. ஒரு நிமிட நிறுத்தமும் ஒரு மணி நேர நிறுத்தமும் மைக்ரோவேவுக்கு ஒன்றுதான். இரண்டிலும் அது நேரத்தை மறந்துவிடும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மின்சாரத்தில் ஓடும் கடிகாரங்கள் நேரத்தை இரண்டு வழிகளில் எண்ணுகின்றன. ஒரு வகை, வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்தின் அலைகளையே எண்ணும். நம் நாட்டில் அது விநாடிக்கு 50 அலை, அதாவது 50 ஹெர்ட்ஸ். ஐம்பது அலை எண்ணியதும் ஒரு விநாடி கடந்தது என்று அந்தக் கடிகாரம் கொள்ளும். இன்னொரு வகை, தனக்குள்ளேயே ஒரு குவார்ட்ஸ் படிகத்தை வைத்துக்கொள்ளும். சுவர்க் கடிகாரத்தில் இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். அது இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் என்பதால், பாதி பாதியாகப் பதினைந்து முறை குறைத்தால் துல்லியமாக விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். இந்தச் சிறிய சுற்றுக்கு வேண்டிய மின்சாரம் மிக மிகக் குறைவு என்பதால்தான் ஒரு பென்சில் பேட்டரியில் சுவர்க் கடிகாரம் ஓர் ஆண்டுக்கு மேலும் ஓடுகிறது.

தம்மாம் கடிகாரத்தின் கதை இங்கே விளங்கிவிடும். சவூதியில் மின்சாரம் விநாடிக்கு 60 அலை. அங்கே விற்கும் இத்தகைய கடிகாரம் அறுபது எண்ணினால்தான் ஒரு விநாடி என்று கொள்ளும். அதை இங்கே கொண்டுவந்து செருகினால், நம் மின்சாரம் ஒரு மணி நேரத்தில் கொடுக்கும் அலைகள் அதன் கணக்குக்கு ஐம்பது நிமிடத்துக்குத்தான் போதும். மணிக்குப் பத்து நிமிடம், நாளுக்கு நான்கு மணி நேரம். தாங்கள் எழுதியிருக்கும் கணக்கு இம்மி பிசகாமல் பொருந்துகிறது. கடிகாரத்தில் பழுது ஏதும் இல்லை. குவைத், துபாய், மஸ்கட், தோஹா ஆகிய இடங்களிலெல்லாம் நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ் என்பதால், அங்கிருந்து வந்த இதே மாதிரிக் கடிகாரங்கள் பக்கத்து வீடுகளில் ஒழுங்காக ஓடும். தொண்ணூறுகளில் விடுமுறைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த கடிகார ரேடியோக்கள் என் மேசைக்கு ஏராளமாக வந்தன. முதலில் நான் கேட்பது எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைத்தான். ஒரு எச்சரிக்கையும் உண்டு. சவூதியில் வீடுகளுக்கு 127 வோல்ட் கொடுத்த காலமும் உண்டு என்பதால், அங்கிருந்து வரும் பழைய சாதனங்களின் அடியில் ஒட்டிய தகட்டைப் படிக்காமல் நம் 230 வோல்ட்டில் செருகக்கூடாது. 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் எழுதியிருக்கும் பழைய வகை மைக்ரோவேவை அங்கிருந்து கொண்டுவரவே வேண்டாம். அதற்குள் இருக்கும் கனமான டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் அளவுக்கு மீறிச் சூடாகும்.

அலையை எண்ணும் கடிகாரம் சரியான நாட்டுக்குரியதாகவே இருந்தாலும், அலை ஒழுங்காக வந்தால்தான் அது ஒழுங்காக ஓடும். அதிர்வெண் 50-க்குப் பதில் 49 என்று நாள் முழுவதும் நின்றால், அந்தக் கடிகாரம் அன்றைக்கு ஏறத்தாழ 29 நிமிடம் பின்தங்கிவிடும். மின்பற்றாக்குறை மிகுந்த பழைய நாட்களில் அதிர்வெண் அப்படி இறங்கி நிற்பது அபூர்வமாக இருக்கவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டலக் கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைக்கப்பட்ட பிறகு, அருமனையிலும் காஷ்மீரிலும் ஒரே அலை ஒரே கணத்தில் எழுந்து விழுகிறது. இப்போது அதை 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் நிறுத்த வேண்டும் என்பது விதி. இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளும், 49.95-ல் ஒரு நாள் முழுக்க நின்றால் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கும். கூடக்குறைய இருப்பது ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால் நடைமுறையில் இவ்வளவு தெரியாது. இதற்கு எதிரே, சாதாரணக் குவார்ட்ஸ் சுவர்க் கடிகாரத்தின் பிசகு மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குள் அடங்கும்.

மைக்ரோவேவ் ஏன் மறக்கிறது என்பதற்கு விடை எளிது: அதற்குள் பேட்டரி இல்லை. ஒரு நாணய பேட்டரி வைத்தால் தீரும் குறையை ஏன் வைக்காமல் விட்டார்கள் என்ற கோபம் எனக்கும் உண்டு. மின்சாரம் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே போகும் நாடுகளை மனத்தில் வைத்து வரைந்த சாதனம் அது; நம் வீட்டு நிலை அவர்கள் கணக்கில் இல்லை. மின்சாரம் திரும்பியதும் அது சுழியத்தையோ 12:00-ஐயோ மின்னவைப்பதற்குப் பொருள், ‘என்னிடம் நேரம் இல்லை, என்னை நம்பாதீர்கள்’ என்பது. மறந்த கடிகாரம் மறந்ததை ஒத்துக்கொள்வது நல்ல குணமே. சூடாக்கும் வேலைக்கு அந்த நேரம் தேவையில்லை. அம்மாவை ஒவ்வொரு முறையும் திருத்தச் சொல்லாதீர்கள். பல மாடல்களில் நேரம் வைக்காமலே விட்டால் ஒரு சுழியமோ இரு புள்ளியோ மட்டும் அமைதியாக நிற்கும்; மின்னுகிற வகையானால் நிறுத்தும் பொத்தானை ஒருமுறை அழுத்தினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அதுவும் இல்லையென்றால் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு போதும்.

இன்வெர்ட்டர் இருந்தும் ஏன் என்ற கேள்விக்கு: நம் வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு விளக்கு, மின்விசிறி, ஒன்றிரண்டு சிறிய பிளக் ஆகியவற்றோடு நின்றுவிடும், சமையலறையின் பெரிய பிளக்குகள் அதில் சேராது. சேர்க்கவும் கூடாது. 800 வாட் என்று முகப்பில் எழுதிய மைக்ரோவேவ் வேலை செய்யும்போது சுவரிலிருந்து 1200 வாட் வரை இழுக்கும். ஒற்றை பேட்டரி வைத்த வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. கடிகாரம் மின்னாமல் இருக்கட்டும் என்று அந்தப் பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிக் கொடுக்கும் எலெக்ட்ரீசியன்கள் உண்டு. மின்சாரம் இல்லாத நேரத்தில் அம்மா மறந்து குழம்பைச் சூடாக்கப் போனால் வீடே இருளும், இன்வெர்ட்டரும் கெடலாம். அந்த மாற்றம் வேண்டாம். தங்கள் மேசைக் கடிகாரம் மின்னுகிறது என்பதிலிருந்து அது செருகியிருக்கும் பிளக்கும் இன்வெர்ட்டர் லைனில் இல்லை என்று தெரிகிறது. அதை அப்படியே விட்டுவைக்கச் சொல்லப்போகிறேன். காரணம் கீழே வரும்.

வாசல் விளக்கின் டைமர், வட்டத் தட்டைச் சுற்றிக் கால் மணிக்கு ஒன்றாக 96 சிறிய பற்கள் வைத்த வகை என்று தங்கள் விவரணையிலிருந்து புரிந்துகொள்கிறேன். அந்தத் தட்டைச் சுற்றுவது மின்சாரத்தின் அலையோடு அலையாக ஓடும் ஒரு சிறு மோட்டார். மின்சாரம் நின்றால் தட்டும் நின்ற இடத்தில் நிற்கும். வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போனால், அதற்குப் பிறகு என்றென்றைக்கும் அது மூன்று மணி நேரம் பின்னால்தான் இருக்கும். ஆறு மணி விளக்கு ஒன்பது மணிக்கு எரிவது இதனால்தான். வாசல் விளக்குக்கு டைமரே தேவையில்லை. இருட்டினால் எரிந்து விடிந்தால் அணையும் ஒளி உணரி வைத்த பல்பு ஒன்று எந்த நேரத்தையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை என்பதால், நம் ஊருக்கு அதுவே பொருத்தம். டிஜிட்டல் டைமர் வாங்கலாமே என்று கடையில் சொல்வார்கள். அதற்குள் சார்ஜ் ஏறும் மிகச் சிறிய பேட்டரி இருக்கும். சில ஆண்டுகளில் அது செத்துவிடும், பிறகு அதுவும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரத்தை மறக்கும்.

ஆனால் அந்தப் பழைய டைமரைத் தூக்கி எறியாதீர்கள். இன்சுலின் கேள்விக்கு வருகிறேன்.

நின்று நின்று ஓடும் டைமர், சரியான நேரத்திலிருந்து எவ்வளவு பின்தங்கியிருக்கிறதோ அவ்வளவு நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்திருக்கிறது. மின்னும் மேசைக் கடிகாரம் மின்சாரம் வந்த கணத்தில் 12:00 என்று தொடங்கி மேலே எண்ணிக்கொண்டே போகும்; ஆகவே அது காட்டுவது மின்சாரம் திரும்பி எவ்வளவு நேரமாயிற்று என்பதை. டைமரை குளிர்சாதனப் பெட்டி இருக்கும் அறையிலேயே ஒரு பிளக்கில், எதையும் அதனோடு இணைக்காமல், வெறுமனே செருகிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அதன் தட்டைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தாகிவிட்டது என்று கொள்வோம். புதன்கிழமை அம்மா உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு மாலை ஐந்து மணிக்குத் திரும்புகிறார். டைமரின் அம்புக்குறி 2:15-ல் நிற்கிறது. மேசைக் கடிகாரம் 12:50 என்று மின்னுகிறது. டைமர் இரண்டே முக்கால் மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. மேசைக் கடிகாரம் சவூதிக் கணக்கில் ஓடுவதால் அதன் ஐம்பது நிமிடம் நமக்கு ஒரு மணி நேரம். ஆக மின்சாரம் வந்தது நான்கு மணிக்கு. நிறுத்தம் ஒன்றே ஒன்று என்றால் பிற்பகல் ஒன்றேகாலுக்குப் போயிருக்கிறது. இடையில் பலமுறை போய்வந்திருந்தாலும் மொத்த நேரம் இரண்டே முக்காலுக்கு மேல் போகாது. அம்மா இந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை. இரண்டையும் போனில் படமெடுத்துத் தங்களுக்கு அனுப்பினால் போதும்.

இந்த எண்ணை வைத்து என்ன முடிவுசெய்வது? கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ் அறை ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்துவைக்கும். உறைபெட்டி நிறைந்திருந்தால் இரண்டு நாள், பாதி நிறைந்திருந்தால் ஒரு நாள் தாங்கும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது விதி. பயன்படுத்தத் தொடங்கிய குப்பி பொதுவாக நான்கு வாரம் வரை வெளியிலேயே, வெயிலும் சூடும் படாத இடத்தில் இருக்கலாம். அந்த அளவு மருந்துக்கு மருந்து சற்று மாறும் என்பதால் அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே இரண்டு மூன்று மணி நேர நிறுத்தத்துக்காக இன்சுலின் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பதறிப்போய் அதை உறைபெட்டிக்குள் மாற்றுவதுதான் பெரிய தவறு. ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது.

உறைபெட்டியில் வைக்கும் மீனுக்கு வேறு கடிகாரம் வேண்டும். ஒரு சிறிய டம்ளரில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, உறைந்த பனிக்கட்டியின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து உறைபெட்டியில் விட்டுவிடுங்கள். நாணயம் மேலேயே இருந்தால் உள்ளே எதுவும் இளகவில்லை. டம்ளரின் அடியில் கிடந்து அதன் மேல் மீண்டும் பனி உறைந்திருந்தால், மின்சாரம் நெடுநேரம் போய், எல்லாம் உருகி, மறுபடியும் உறைந்திருக்கிறது. அந்த மீனைக் கறிவைக்கக் கூடாது. சூரை, அயலை, சாளை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நச்சு, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது, மணத்திலும் எப்போதும் தெரியாது. எங்கள் வீட்டு உறைபெட்டியில் அந்த நாணயம் 2017-லிருந்து இருக்கிறது.

ஆண்டைச் சொன்னதற்குக் காரணம் ஒக்கி. 2017 நவம்பர் 30 அன்று அந்தப் புயல் நம் மாவட்டத்தின் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துப்போட்டதும், கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பாமல் போனதும் தாங்கள் அறியாததல்ல. எங்கள் தெருவுக்கு ஒன்பதாம் நாள் இரவில்தான் மின்சாரம் வந்தது. முதல் நாளே இன்வெர்ட்டர் தீர்ந்துவிட்டது. அடுத்த நாள் போன்கள் அணைந்தன. செல்பேசிக் கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்திருந்ததால் சார்ஜ் மிச்சமிருந்த போனிலும் சிக்னல் இல்லை. நேரத்தைப் போனில் மட்டுமே பார்த்துப் பழகியிருந்த என் மகன், மருந்து வேளைக்காகப் பாட்டியின் அறைக்குப் போய், அங்கே ஓடிக்கொண்டிருந்த பழைய சுவர்க் கடிகாரத்தை நாளுக்கு நான்கு முறை பார்த்து வந்தான். அதன் விநாடி முள் மட்டும் ‘டிக்’ ‘டிக்’ என்று அந்த இருட்டு வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது. 1893-ல் திறக்கப்பட்ட நாகர்கோவில் மணிமேடைக் கடிகாரமும் எடையின் இழுவிசையில் ஓடும்படி அமைந்ததுதான். அதற்குக் கம்பியும் கரண்டும் வேண்டியதில்லை.

ஆகவே என் பரிந்துரை, வீட்டில் நேரம் சொல்லும் அதிகாரத்தை ஒரே ஒரு பேட்டரிக் கடிகாரத்துக்குக் கொடுத்துவிடுவது. பெரிய எண்கள் உள்ள சாதாரணக் குவார்ட்ஸ் சுவர்க் கடிகாரம், அம்மா உட்காரும் இடத்திலிருந்து தெரியும்படி. அடுப்புக்கு மேலே மாட்ட வேண்டாம்; சூட்டில் அந்தப் படிகம் சற்று மெதுவாக அதிரும், எண்ணெய்ப் புகையும் ஏறும். பேட்டரி நிற்கும்வரை காத்திராமல், மறக்காத ஒரு நாளில், ஓணமோ கிறிஸ்துமஸோ பொங்கலோ, ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுங்கள். மலிவான பேட்டரி கசிந்து முனைகளில் வெள்ளையாகப் பூத்துவிடும். நம் ஈரக்காற்றில் அது விரைவாகவே நடக்கும். இரவில் எண்கள் ஒளிர வேண்டும் என்று அம்மா விரும்பினால், மின்சாரத்தில் ஒளிர்ந்து, உள்ளே நாணய பேட்டரியில் நேரத்தைக் காப்பாற்றும் டிஜிட்டல் கடிகாரம் கிடைக்கிறது. மின்சாரம் போனால் எண்கள் மறையும். வந்ததும் சரியான நேரத்தோடு தோன்றும். வாங்கும்போது கடைக்காரரிடம் பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்துச் செருகிக் காட்டச் சொல்லுங்கள்.

கேமராப் பதிவுக் கருவியின் கடிகாரத்தை அலட்சியம் செய்யக்கூடாது. வீட்டில் தவறிய நேரத்தால் உண்மையான நட்டம் வரக்கூடிய இடம் அதுதான். நாளை ஒரு திருட்டு என்று காவல் நிலையத்துக்குப் போனால், பதிவில் தேதி தவறாக இருப்பது பெரிய இடைஞ்சல். அதற்குள் சிஆர் 2032 என்ற மூன்று வோல்ட் நாணய பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால், மின்சாரம் போய்வந்ததும் தேதி 1970-க்கோ 2000-க்கோ ஓடிவிடும். தேதி சரியாக இருந்து நேரம் மட்டும் இரண்டரை மணி நேரம் குறைவாகக் காட்டினால் பேட்டரியில் குறையில்லை. தாங்கள் அங்கிருந்து செயலி வழியாக அமைத்தபோது சவூதி நேரம் பதிந்துவிட்டது என்று பொருள். நேர மண்டலத்தை இந்திய நேரத்துக்கு, அதாவது GMT +5:30 என்பதற்கு மாற்றி, இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் அமைப்பை இயக்கிவிடுங்கள். இணையப் பெட்டிக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று வைத்தால், மின்சாரம் போனாலும் அம்மாவோடு பேசலாம்.

துணி துவைக்கும் இயந்திரத்தைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வரி. அதற்கு நேரம் தெரியாது. எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கும், மின்சாரம் வந்ததும் பெரும்பாலும் அங்கிருந்தே தொடரும். இரவில் தானாகத் தொடங்கும்படி வைத்துவிட்டுத் தூங்குவது நம் ஊருக்குச் சரிப்படாது.

கடிகாரத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. மட்டை விழுந்து நான்கு கம்பிகளில் நியூட்ரல் என்ற பொதுக் கம்பி மட்டும் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறிவிடும். என் மேசைக்கு ஒரே தெருவிலிருந்து ஒரே நாளில் நான்கைந்து சாதனங்கள் கருகி வந்தால், காரணம் அநேகமாக இதுதான். விளக்குகள் திடீரென்று பளிச்சென்று எரிந்தாலோ, ஓர் அறையில் மங்கி மறு அறையில் கூடி எரிந்தாலோ, அம்மா யோசிக்காமல் மெயினை அணைத்துவிட வேண்டும். பிறகு மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குத் தாங்கள் அங்கிருந்தே சொல்லலாம். ஸ்டெபிலைசருக்கு எடுத்துவைத்த பணத்தில், மெயின் பெட்டியில் பொருத்தும் வோல்டேஜ் ப்ரொடெக்டர் ஒன்றை நல்ல எலெக்ட்ரீசியனைக் கொண்டு வைத்துவிடுங்கள். அழுத்தம் ஏறினால் அது இணைப்பை வெட்டும். மின்சாரம் திரும்பியதும் உடனே விடாமல் மூன்று நிமிடம் பொறுத்து விடும்படி அதை அமைக்கலாம், அது குளிர்சாதனப் பெட்டியின் கம்பிரசருக்கும் நல்லது. ஆனால் இடி இறங்கும் மாலைகளில் எந்தக் கருவியையும் நம்பாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே சரி. டைமரையும் அன்று பிடுங்கியிருந்தால், அந்த நேரத்தையும் அது நிறுத்தமாகவே கணக்கில் சேர்க்கும் என்பதைப் படத்தைப் பார்க்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.

தம்மாம் கடிகாரத்தை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்ற முடியும். இவ்வகைக் கடிகாரங்கள் பலவற்றில் உள்ளே ஒரு சிறு கம்பி இணைப்பை மாற்றினால் ஐம்பதை எண்ணத் தொடங்கிவிடும். அப்படி மாற்றிய பிறகும் அதன் அடியில் இருக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரி அறையைக் காலியாகவே விட்டுவையுங்கள். பேட்டரி போட்டால் அது மின்னாது, மின்சாரம் வந்த நேரத்தைச் சொல்லவும் செய்யாது. அடுத்த விடுமுறைக்கு வரும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பலகையைத் தெளிவாக ஒரு படமெடுத்து அனுப்பினால், எந்த இணைப்பை மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அம்மா அனுப்பும் படத்தில் அது காட்டும் நிமிடங்களை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.